மூடி போட்ட வாளி

கண்ணு கதிருக்கு,

துணி ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையர் வந்துபோன அன்று சாயங்காலம் நீ வாங்கி வந்த மைசூர்பாகு இன்னும் ஃப்ரிட்ஜில் அப்படியே இருக்கிறது. உங்கப்பா ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். நான் தொடவில்லை. "உனக்குன்னுதானம்மா வாங்கிட்டு வந்தேன்" என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். சர்க்கரை கூடிவிடும் என்றேன். எனக்குச் சர்க்கரையும் இல்லை, ஒரு கத்திரிக்காயும் இல்லை என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் மேற்கொண்டு கேட்கவில்லை. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, அம்மாவுக்கு ஏதோ கோபம் என்று விட்டுவிட்டாய். கோபமில்லை கண்ணு. ஒன்று கேட்க வேண்டும், அதைக் கேட்கப் பயமாக இருக்கிறது. நேரில் ஆரம்பித்தால் நான் ஒன்று சொல்ல நீ ஒன்று சொல்ல, கடைசியில் "உனக்கு எதப் பாத்தாலும் சந்தேகம்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

எனக்குச் சந்தேக புத்திதான், இல்லையென்று சொல்லவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் முதலில் பல்லைத்தான் பார்ப்பேன். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று நின்று வந்த புத்தி அது. ஒரு பீஸ் கைக்கு வந்தால் நாங்கள் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. உள்பக்கம் திருப்பி, தையலை விரல் வைத்து இழுத்து, அக்குளில் ஓட்டை இருக்கிறதா, கழுத்துப் பட்டியில் சாயம் திட்டாக நிற்கிறதா என்று பார்ப்போம். பழுது இருக்கிற இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவோம். வெளிப்பக்கம் அழகாக இருக்கிற பீஸில்தான் உள்பக்கம் கோளாறு அதிகம் என்பது இத்தனை வருடத்தில் நான் கண்டது. உனக்கு நித்யாவைப் பெண் பார்க்கப் போன அன்று எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பலகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் கை கழுவுகிற சாக்கில் கொல்லைப் பக்கம் போனேன். அவள் அம்மா பின்னாலேயே வந்து, "ஏனுங்க சம்பந்தி, பொண்ணு பாக்க வந்தீங்களா, ஊடு பாக்க வந்தீங்களா?" என்று சிரித்தார். பாத்திரம் விளக்குகிற இடம் கூடத்தைப் போலவே சுத்தமாக இருந்தது. அங்கே நின்றுதான் நான் மனதுக்குள் சரி சொன்னேன். இது உனக்கு இதுவரை தெரியாது.

அப்படிப்பட்டவளிடம் வந்து நீ, "சாயப்பட்டறைக்காரங்க பறவைகளுக்குப் பூங்கா கட்டறாங்கம்மா, அதுல எனக்கு வேலை" என்று சொன்னால் நான் என்ன நினைப்பேன்? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் நினைவுக்கு வந்தது. நீ விலங்கியல் படித்துவிட்டு இரண்டு மூன்று இடம் அலைந்து வந்த நேரம், அதனால் வாயைத் திறக்கவில்லை. அந்த இடம் எனக்குத் தெரியும். மடத்துக்குளத்திலிருந்து நானும் உங்கப்பாவும் வேலம்பாளையத்துக்குப் பிழைக்க வந்த காலத்தில் அது வெறும் சீமைக்கருவேலங்காடு. நடுவில் ஒரு ஓடை. அந்த வாரம் எந்தக் கலர் ஆர்டர் ஓடுகிறது என்று ஓடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். உன்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும்போது, பாலம் வந்ததும் "அம்மா, இன்னைக்கு ஊதா" என்று கைகொட்டுவாய். குழந்தைக்கு அது வேடிக்கை. எனக்கு மூக்கை மூடிக்கொண்டு மிதிக்க வேண்டிய இடம்.

இப்போது அப்படி இல்லை, சாயத்தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போவதில்லை, எல்லாவற்றையும் சுத்தம் செய்து திரும்பச் சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள், அதில் ஒரு பங்கைத்தான் பூங்காக் குளத்தில் விட்டிருக்கிறார்கள் என்று நீ சாப்பாட்டுத் தட்டில் கோடு போட்டுக் காட்டினாய். பாதி புரிந்தது. புரியாத பாதியை நான் சந்தேகப்படவில்லை, அது உன் படிப்பு. எனக்கு உறுத்தியது வேறு. குளம் என்று நீ சொல்லும்போதெல்லாம் கூடவே பையர் விசிட் என்ற வார்த்தையும் வந்தது. நாற்று நட்டால் விசிட்டுக்கு முன்னால், பலகை எழுதினால் விசிட்டுக்கு முன்னால். விசிட்டுக்கு முன்னால் நடப்பது என்னவென்று உன்னைவிட எனக்குத் தெரியும்.

உனக்கு நினைவிருக்கிறதா, நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நாம் ஆடிய ஆட்டம்? வேலை செய்கிறவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கக் கம்பெனிக்கு ஆடிட் வரும் என்றால் சூப்பர்வைசர் எங்களை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பார். நீலக் கோட்டு, மாஸ்க், மருந்துப் பெட்டி எல்லாம் அன்றைக்கு மட்டும் பீரோவிலிருந்து வெளியே வரும். எனக்கு நாக்குக் குழறும் என்று பயந்து வீட்டில் வந்து ஒத்திகை பார்ப்பேன். நீ உங்கப்பாவின் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு முக்காலியில் உட்காருவாய். கண்ணாடி வழுக்கி வழுக்கி விழும்.

"ஓவர்டைம் உண்டாம்மா?"

"இல்லீங்க சார்."

"குடிக்கத் தண்ணி தர்றாங்களா?"

"ஆர்.ஓ. தண்ணிங்க சார்."

"யாராவது திட்டறாங்களா?"

"எல்லாரும் அன்பா நடத்தறாங்க சார். எல்லாம் நல்லாருக்குதுங்க."

"பாஸ்" என்று சொல்லிக் காற்றிலேயே ஒரு டிக் அடிப்பாய். உங்கப்பா கட்டிலில் புரண்டு புரண்டு சிரிப்பார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நீயும் அந்தப் பாடத்தைப் படிக்கிறாய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தனியாக அங்கே கூட்டிப்போனாய். விசிட் இல்லை, மேனேஜர் இல்லை, பலகைகூட அப்போது வைக்கவில்லை. கரையில் ஒரு கல்லில் உட்கார வைத்து, தண்ணீரில் மிதந்த ஒரு சின்னப் பறவையைக் காட்டினாய். முக்குளிப்பான் என்றாய். வாத்தைவிட ரொம்பச் சிறிசு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைகுப்புறத் தண்ணீருக்குள் போய்விட்டது. "எங்க மேல வரும்னு சொல்லு பாக்கலாம்" என்று பந்தயம் கட்டினாய். நான் இடது பக்கம் காட்டினால் அது வலது பக்கம் வந்தது. கோரைப்புல் பக்கம் என்றால் நடுவில் வந்தது. ஆயிரம் பீஸில் ஒரு நூல் பிசிறைப் பிடிக்கிற கண், அந்தக் கையளவு பறவையிடம் தோற்றுக்கொண்டே இருந்தது. நீ தொடையைத் தட்டிச் சிரித்தாய். வேலை கிடைத்த நாளில்கூட உன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. அந்தப் பறவைக்கு எந்த சூப்பர்வைசரும் பாடம் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது, அது தானாக வந்தது, அதனால் இங்கே ஏதோ ஒன்று உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உங்கப்பாவிடம்கூடச் சொன்னேன். "நீயே நம்பீட்டயா? அப்ப மழதான் வரும்" என்றார்.

அதனால்தான் நீ கூப்பிட்டதும் வந்தேன். விசிட் அன்று அக்கம்பக்கத்து மக்களும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று மேனேஜர் சொன்னதாகச் சொன்னாய். நம் வரிசையில் இருக்கிற லைன் வீட்டுப் பெண்களையும், லீவில் இருந்த அவர்கள் பிள்ளைகளையும் நான்தான் கூட்டி வந்தேன். எல்லோரும் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள், விசிட் என்றால் நல்ல சேலை கட்டிக்கொண்டு வரத் தெரியும். வாசலில் வெல்கம் என்று கோலம். பச்சைத் தொப்பி கொடுத்தார்கள். நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூங்கா மண்டபத்துக்குள் போனாய். பாடம் நடத்துகிற உன் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல குரல் கண்ணு உனக்கு. எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் என் கால் ஒரு இடத்தில் நிற்காது. பாதையோரம் வரிசையாகப் புது வேம்பும் புங்கனும் நட்டிருந்தார்கள். ஒரு கன்று சாய்ந்திருந்தது. நிமிர்த்தி விடலாம் என்று அடியில் மண்ணைத் தள்ளினால், கறுப்புப் பிளாஸ்டிக் கவர். நர்சரியிலிருந்து வந்த கவரைக் கிழிக்காமல் அப்படியே குழியில் இறக்கி மேலே மண்ணைப் போட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கன்றிலும் தள்ளிப் பார்த்தேன், அதிலும் கவர். வேர் எங்கே போகும்? விசிட் முடிகிறவரைக்கும் இலை பச்சையாக இருந்தால் போதும் என்று நட்டவன் கணக்கு. இதை நீ நட்டிருக்க மாட்டாய், காண்ட்ராக்ட் ஆட்கள் வேலையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையில் அம்பு ஸ்டிக்கர் இருந்திருந்தால் ஒவ்வொரு கன்றிலும் ஒட்டியிருப்பேன்.

அப்புறம் குளத்தின் பின்பக்கம் போனேன். பம்பு ரூமுக்கு அந்தப் புறம், கோரைக்குள் ஒருவர் வலைக் கரண்டியோடு நின்றார். தினேஷ் என்று நீ சொல்வாயே, ஒடிசாக்காரர், குளத்தைப் பார்த்துக்கொள்கிறவர், அவர்தான். பக்கத்தில் ஒரு பெயின்ட் வாளி. அதற்கு மூடி போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வாளியைக் காலால் தள்ளிக் கோரைக்குள் விட்டார். மடியில் கனமில்லாதவன் எதற்கு வழியில் பயப்பட வேண்டும்? நான் குனிந்து மூடியைத் திறந்துவிட்டேன். வாளி நிறைய ஜிலேபி மீன், எல்லாம் செத்து வெள்ளையாகக் கிடந்தன.

"அம்மா, நீ போ" என்றார், தெரிந்த தமிழில். "யாரும் பாக்கக் கூடாது. சார் சொல்லுச்சு. விசிட் முன்னாடி எடுத்து மூடணும், சார் சொல்லுச்சு."

"எந்த சாருங்க?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் குரல் கேட்டது. பையரோடு நீயும் நம் பெண்களுமாகக் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தது. தினேஷ் வாளியைத் தூக்கிக்கொண்டு பம்பு ரூமுக்குள் போய்விட்டார். அவருக்குச் சட்டையை உள்ளே விட்டுப் போட்டவர்கள் எல்லோரும் சார்தான். மேனேஜரும் சார், முதலாளி மகனும் சார், காண்ட்ராக்டரும் சார். நீயும் சார்.

அடுத்து நடந்ததுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. பையராக வந்திருந்த அந்த வெளிநாட்டு அம்மா நேரே என்னிடம் வந்தார். கூட வந்த சென்னைப் பெண், "உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கணுமாம்மா. நீங்க ரொம்ப வருஷமா இந்தப் பக்கம் இருக்கீங்களா? இந்தக் குளம் வந்தப்புறம் எப்படி இருக்கு?" என்றாள். நல்ல பெண், மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த அம்மாவும் உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைப் போல என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாளி மூடியைத் திறந்த ஈரம் இன்னும் என் விரலில் இருந்தது. என் வாய் சொன்னது: "முன்னாடிக்கு இப்ப எவ்வளவோ பரவால்லீங்க. எல்லாம் நல்லாருக்குதுங்க."

யாரும் என்னை மிரட்டவில்லை. உனக்காகச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அதுவும் பொய். உன்னைப் பற்றி யோசிக்கக்கூட நேரம் இருக்கவில்லை. கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் நின்று கேட்டால் எங்கள் லைனில் யாராக இருந்தாலும் அந்தப் பதில் தானாக வந்துவிடும். என் பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும், "ஆமாங்க, நல்லாருக்குதுங்க" என்று தலையாட்டினார்கள். அவர்கள் வாளியைப் பார்க்கவே இல்லை. மேனேஜர் கைதட்டினார். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ சிரித்தாய். மூன்றாம் வகுப்பில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாஸ் போடுவாயே, அந்தச் சிரிப்பு.

அது முடிந்து நீ பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டி வந்தாய். தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள், பயப்படாதீர்கள் என்றாய். நான் கூட்டி வந்த பிள்ளைகள் முழங்கை வரை கையை விட்டு, சின்னக் கிண்ணத்தில் பூச்சி பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். ஒருத்தி தண்ணீர் பட்ட கையாலேயே முறுக்கு எடுத்துக் கடித்தாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக் குழாயில் கழுவிவிட்டேன். "என்னம்மா?" என்று நீ கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். அதுவும் பொய்தான்.

இப்போது கேட்கிறேன். மீன் சாவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். வெயில், காற்றுப் போதவில்லை, மீன் கூடிப்போயிற்று, அதெல்லாம் உனக்குத்தான் தெரியும். தண்ணீர் கெட்டது என்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்குப் படிப்பில்லை. ஆனால் வாளிக்கு மூடி போட ஒரு காரணம்தான் உண்டு. பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு அது பூசணிக்காய் என்று தெரியும்.

உனக்குத் தெரியாமல் நடந்தது என்றால், இந்தக் கடிதத்தை மடித்து வைத்த கையோடு போய்த் தினேஷைக் கேள். அவரை மிரட்டாதே, அவரும் கூலிக்காரர். ஏன் செத்தது என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் என் லைன் பிள்ளைகளை அந்தத் தண்ணீரில் கை வைக்க விடாதே. கண்டுபிடித்த பிறகு அதையும் அந்த மண்டபத்தில் நின்று பாடமாகச் சொல், அவர்களுக்கு அதுவும் தெரியட்டும். செத்த மீனைப் பார்த்த பிள்ளை பயந்துவிடும் என்று நினைக்காதே. ஊதா ஓடையைப் பார்த்துக் கைகொட்டிய பிள்ளைதான் நீ, படித்து இந்த வேலைக்கு வரவில்லையா?

உனக்குத் தெரிந்துதான் நடந்தது என்றால், அப்போதும் நீ என் பிள்ளைதான், சோறு எடுத்து வைத்திருப்பேன். ஆனால் குளக்கரையில் கம்பெனி கொடுக்கிற குவார்ட்டர்ஸில் கல்யாணம் முடிந்ததும் குடியேறப் போகிறீர்கள். நித்யா அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கோலம் போடுவாள். நாளைக்கு உன் குழந்தை அதில் கை விடும். அவளிடம் என்ன சொல்வாய்? கொல்லைப் பக்கத்தைக் கூடம் போல வைத்திருக்கிற வீட்டிலிருந்து வருகிற பெண் அவள். உனக்கு முன்னால் அவளுக்கு இதைச் சொல்ல எனக்கு மனமில்லை, அதனால் இதுவரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ரொம்ப நாள் கட்டிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

இன்னொன்று. அடுத்த விசிட்டுக்கும் என்னைக் கூட்டி வரச் சொல்லி மேனேஜர் உன்னிடம் சொல்லிவிட்டாராம், நீயே பெருமையாகச் சொன்னாய். வருகிறேன். அந்த அம்மா மறுபடியும் கேட்டால், இந்த முறை வாளியைப் பற்றிச் சொல்வேன். கவர் கிழிக்காத கன்றையும் காட்டுவேன். அதனால் உன் வேலைக்குக் கேடு வரலாம். கல்யாணத்துக்கு முன்னால் வேலை போனால் சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும், தூக்கம் வருவதில்லை. ஆனாலும் சொல்வேன். உன் முதுகுக்குப் பின்னால் சொல்லக் கூடாது என்றுதான் முன்கூட்டியே உனக்கு எழுதுகிறேன்.

அந்த முக்குளிப்பானை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அதற்கு விசிட் தெரியாது, அந்தக் குளத்து மீனைத்தான் தின்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லு, எதையும் கூட்டிப் பெருக்க வேண்டாம். நீயும் நானும் அதே கல்லில் உட்காருவோம். அது இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

அன்றைக்கு உங்கப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீ கேட்டாய், எனக்குச் சொல்லிக் கொடுத்த பதிலை நான் சொன்னேன். இப்போது நான் கேட்கிறேன் கண்ணு. எல்லாம் நல்லாருக்கும்மா என்று மட்டும் சொல்லிவிடாதே, அந்தப் பதில் யாரிடம் படித்தது என்று எனக்குத் தெரியும். தினேஷிடம் வாளியை மூடச் சொன்னது எந்த சார்?

அம்மா